நின்றுபோன இசைக்குழு மலைமேல் மறுபடி மேடையேற: சுருதியில் தொடங்குங்கள்

கலைந்துபோன குழு பல வருடம் கழித்து மறுபடி கூடினால் முதலில் தேதி குறிப்பார்கள், அடுத்து போஸ்டர் அடிப்பார்கள், சுருதியைக் கடைசியில்தான் யோசிப்பார்கள். டார்க் சைக்கடெலிக் ஃபோக் (இருண்ட, மயக்கும் நாட்டார் பாணி இசை) வாசிக்கும் குழு, அதுவும் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ மேடை என்றால், இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். இந்த இசையில் பெரும்பாலும் டிரம்ஸ் செட் கிடையாது. அடியில் அறுபடாமல் ஓடும் ஒரு சுருதி, அதன்மேல் கம்பி, குழல், தோல், குரல். சுருதி பிசகினால் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. 2,100 மீட்டர் உயரத்துக் குளிரும் மேகமும் இந்த நான்கையும் நான்கு பக்கம் இழுக்கும்: குழல் இறங்கும், கம்பி ஏறும், தோல் தொய்யும், குரல் வறளும்.

எந்தக் காலத்துக் குழுவாகத் திரும்புவது

இந்த வகை இசைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இங்கிலாந்தின் கோமஸ் (Comus) என்ற குழு. 1971-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிட்டார், வயலின், புல்லாங்குழல், ஓபோ, பாங்கோ, பேஸ், ஆண் பெண் குரல்கள். அன்று அது விற்கவில்லை. 1974-இல் வேறு ஆட்களையும் சேர்த்து, பாப் பக்கம் சாய்ந்து இரண்டாம் தொகுப்பு போட்டார்கள். அதுவும் ஓடவில்லை, குழு நின்றுபோனது. பிறகு ஸ்வீடனின் ஓப்பெத் போன்ற மெட்டல் குழுக்கள் வழியாக ஒரு புதிய தலைமுறை அந்த முதல் தொகுப்பைத் தேடிப் பிடித்தது. 2008-இல் ஸ்வீடனில், கப்பலில் நடந்த மெல்லோபோட் விழாவில் அவர்கள் மறுபடி மேடையேறினார்கள். வாசித்தது பெரும்பாலும் 1971-இன் பாடல்கள்தான். பழைய குழலாளர் திரும்பவில்லை; ஜான் சீக்ராட் என்பவர் சாக்சபோன், குழல், பாங்கோ மூன்றையும் எடுத்துக்கொண்டார். 2012-இல் புதிய தொகுப்பு வந்தபோது அதில் மூன்று புதுப் பாடல்கள், கூடவே 1972-இல் மேடையில் பதிவாகி வெளிவராமல் கிடந்த ஒரு நீண்ட பாடல்.

இதிலிருந்து நம் குழுவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, குழுவின் எந்தக் காலத்தை மேடைக்குக் கொண்டுவருவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். எல்லாக் காலத்திலிருந்தும் இரண்டிரண்டு பாட்டு என்று எடுத்தால் டியூனிங் மாற்றுவதிலேயே மாலை போய்விடும். இரண்டாவது, வராதவருடைய இடத்தை நிரப்பும்போது அவர் வாசித்த பாகத்தை எழுதி வைத்துக்கொண்டு, அதை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அதே வாத்தியம் கட்டாயமில்லை. ஓபோ இருந்த இடத்தில் முகவீணை (நாதஸ்வரத்தின் சின்ன வடிவம் போன்ற ஊதுகுழல்) நன்றாகவே பொருந்தும். நாதஸ்வரம் பொருந்தாது, அக்கூஸ்டிக் கிட்டாரை விழுங்கிவிடும்.

கேசட்டிலிருந்து சுருதியை எடுப்பது

பழைய ஒத்திகை கேசட் இருந்தால் அதுதான் முதல் ஆவணம். ஆனால் மலையில் இருந்த கேசட் என்றால் பூஞ்சை நிச்சயம். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வைத்து, காய்ந்த பின், வேறு எதற்கும் பயன்படாத பழைய பிளேயரில் முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றி, ஓரத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கலாம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். நாடாவை அழுத்தும் சின்ன ஃபெல்ட் பட்டை பசை விட்டு விழுந்திருந்தால் ஒலி மங்கித் தேயும். நல்ல கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடுங்கள். ஹெட்டின் சாய்வுத் திருகை, மேல் ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்துக்குத் திருப்பியபின், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் கணினிக்கு ஏற்றுங்கள்.

இனி வேகம். கேசட்டின் சரியான வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர், வீட்டு டெக்குகள் இரண்டு மூன்று சதவீதம் கூடக்குறைய ஓடுவது சகஜம். மூன்று சதவீதம் என்றால் அரைக் கட்டையில் பாதி (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). கேசட்டை நம்பி கிட்டாரைச் சேர்த்தால் எந்தக் கட்டையிலும் நிற்காது. பதிவில் கரண்டின் உறுமல் கேட்கும் அல்லவா? அதை அலைவெண் வரைபடத்தில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய கோடு 51.5-இல் இருந்தால் நாடா மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது. 100-லும் 150-லும் இதன் மடங்குகள் தெரியும். அங்கே அளப்பது இன்னும் துல்லியம்.

இதில் நம்மூருக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. 2003-க்கு முன் தென்மாநில மின்தொகுப்பின் அலைவெண் 49-க்கும் கீழே அடிக்கடி இறங்கும். அந்தக் காலத்துப் பதிவில் கோடு சரியாக 50-இல் நின்றால் நாடாதான் வேகமாக ஓடுகிறது என்றுகூட ஆகலாம். அதனால் இரண்டாவது சாட்சி வேண்டும்: ஹார்மோனியம். பதிவில் ஹார்மோனியம் இருந்து, அதே பெட்டி இன்னும் யாரிடமாவது இருந்தால், ஒரே சுரத்தை இரண்டிலும் ஒப்பிடுங்கள். பித்தளை ரீடு, யாரும் அரத்தால் தொடாதவரை, பல வருடத்துக்குப் பெரிதாக நகராது.

குரலுக்குக் கட்டை, கட்டைக்குக் கம்பி

பழைய கட்டை தெரிந்துவிட்டது என்பதற்காக அதிலேயே பாட வேண்டும் என்றில்லை. 25 வயதில் 2 கட்டையில் கத்திய குரல் 45 வயதில் 1 கட்டையில்தான் கத்தும். சோதிக்கும் முறை: இருப்பதிலேயே கடினமான பாடலின் உச்ச இடத்தை ஒத்திகையின் கடைசியில், தொண்டை களைத்த பிறகு, மூன்று தடவை பாடுங்கள். மூன்றும் நின்றால் அதுதான் உங்கள் கட்டை. ஒத்திகையின் தொடக்கத்தில் சோதித்தால் பொய் சொல்லும்.

ஆணும் பெண்ணும் பாடும் குழு என்றால் 1 கட்டையும் 5 கட்டையும் வசதியான ஜோடி. சுருதிப் பெட்டியில் 1-இன் ஸ-ப ஓடினால் 1-இல் பாடுபவருக்கு அது பஞ்சம சுருதி (ஸ-வும் ப-வும்), 5-இல் பாடுபவருக்கு அதுவே மத்யம சுருதி (ஸ-வும் ம-வும்). பெட்டியைத் தொடாமலே இரண்டு பேரும் பாடலாம், பாடல் மாறும்போது அடிச்சுருதி அறுபடாது.

கிட்டாரை ஒரு கட்டை முழுக்க இறக்கினால் கம்பியின் இறுக்கம் சுமார் 20 சதவீதம் குறையும். கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் பட்டு இரைவது இதனால்தான். அரைக் கட்டை மட்டும் என்றால் 11 சதவீதம். 12–53 கம்பி செட்டிலேயே (எண்கள் மெல்லிய, தடித்த கம்பிகளின் பருமன்) சமாளிக்கலாம். ஒரு கட்டைக்கு 13–56 செட் போடுங்கள். தடித்த கம்பி, நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் உட்காராமல் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பள்ளத்தைத் துளி அகலப்படுத்த வேண்டும், அதைக் கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும். அப்படியும் இரைந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு தடவை திருப்பாதீர்கள்.

டி-ஏ-டி-ஜி-ஏ-டி போன்ற திறந்த டியூனிங்கும் சாதாரண டியூனிங்கும் கலந்து வந்தால் இரண்டு கிட்டார் வையுங்கள். ஒரே கிட்டார்தான் என்றால் பாடல்களை டியூனிங் வாரியாகத் தொகுத்து, நிகழ்ச்சி முழுக்க ஒரே ஒரு தடவை மாற்றும்படி வரிசை போடுங்கள். மாற்றும் அந்த ஒன்றரை நிமிடமும் சுருதி ஓடட்டும், உடுக்கை மெல்லப் பேசட்டும். அமைதியாக நின்று டியூன் செய்தால் சபை கலைந்துவிடும்.

புதுக் கம்பியை நிகழ்ச்சியன்று போடக் கூடாது. மூன்று நாள் முன்பு போட்டு, தினமும் இழுத்து இழுத்து நிலைக்க விடுங்கள். மேகம் இறங்கும் ஊரில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைப்பது இங்கே கட்டாயம். கிட்டார்ப் பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும். சின்ன ஈரப்பதமானி ஒன்று போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் வெளியே 90-ஐத் தாண்டும். மேல்பலகை ஊதிக் கம்பி உயரும். வயலின் பிரடையும் (கம்பியை முறுக்கும் மரக் குமிழ்) அப்படித்தான்: ஈரத்தில் ஊதி இறுகிப்போகும், ஹீட்டர் போட்ட அறையில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் சுண்ணக்கட்டி, இறுகினால் உலர்ந்த சோப்பு, துளிதான். நான்கு கம்பிக்கும் ஃபைன் டியூனர் போட்டுவிட்டால் மேடையில் பிரடையைத் தொட வேண்டிய தேவையே வராது.

குழலைத் திருப்ப முடியாது

உயரம் கூடினால் குழலின் சுருதி இறங்கும் என்று பலர் சொல்வார்கள். இறக்குவது குளிர், உயரத்துக்கு இதில் வேலையில்லை. குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும். மதுரையில் 28 டிகிரியில் சேர்த்த குழல் கொடையில் 12 டிகிரியில் கணக்குப்படி அரைக் கட்டையில் பாதி இறங்க வேண்டும். வாயின் சூடு பாதியை மீட்டுத் தரும், மீதி அப்படியே நிற்கும். அதே குளிரில் ஹார்மோனிய ரீடு மயிரிழை ஏறும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் பாட்டு இருண்டதாக இருக்காது, பல் கூசும்.

அதனால் டியூன் செய்யும் வரிசை இதுதான். முதலில் குழல்காரர் எல்லாத் துளையையும் மூடி, சத்தம் வராமல் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே விட்டுக் குழலைச் சூடாக்க வேண்டும். பிறகு சாதாரண பலத்தில் ஸ-வை ஊத, எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் ஃபைன் டியூன் குமிழைத் திருப்பி அதற்குச் சேருங்கள். அந்தப் பெட்டிக்கு வயலின், வயலினுக்குப் பிறகு கிட்டார்கள். செல்போன் டியூனரை வழக்கமான 440 ஹெர்ட்ஸில் வைத்து ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சேர்த்தால் குழல் மட்டும் அனாதையாக நிற்கும். டியூனர்தான் வேண்டும் என்றால் அதன் அடிப்படையை 434, 436 என்று குழல் நிற்கும் இடத்துக்கு இறக்கிக்கொள்ளலாம்.

ஹார்மோனியத்தை என்ன செய்வது? குழல் வராத பாடல்களுக்கு மட்டும் வையுங்கள். மனசு வராதுதான், பெட்டியின் மூச்சிரைப்பு இந்த இசைக்கு அத்தனை பொருத்தம். ஆனால் திருப்ப முடியாத இரண்டு வாத்தியம் ஒரே பாட்டில் வேண்டாம். குழல்காரர் பாடல்களுக்கு நடுவே குழலைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஸ்டாண்டில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

தோலுக்குச் சூடு

கஞ்சிராவும் பறையும் மேகத்துக்குள் பத்து நிமிடம் இருந்தால் தொப்பென்று ஒலிக்கும். பறையைத் தீயில் காய்ச்சுவது வழக்கம், திறந்த வெளியில் அதைவிடச் சிறந்த வழி இல்லை. அரங்கத்துக்குள் தீ மூட்ட முடியாது. ரூம் ஹீட்டரிலிருந்து இரண்டு அடி தள்ளி, தோல் பக்கம் வெப்பத்தைப் பார்க்க, மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். கிட்டே கொண்டுபோனால் ஓரத்தில் புளியங்கொட்டைப் பசை விட்டுக்கொடுத்துத் தோல் கழன்றுவரும். 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்சர் இருக்கும் லைனில் அதைச் சொருகாதீர்கள். செயற்கைத் தோல் போட்ட ஒரு ஃப்ரேம் டிரம் மாற்றுக்கு இருக்கட்டும். தோலின் இனிமை அதில் வராது, ஆனால் மழை பெய்தாலும் நிற்கும்.

இந்த இசைக்கு எங்கள் ஓட்டு உடுக்கைக்கு. இடுப்புக் கயிற்றை அழுத்தி வாசிக்கும்போதே சுருதியை ஏற்றி இறக்கலாம் என்பதால், ஈரத்தில் தொய்ந்தாலும் கையாலேயே சரிக்கட்டிவிடலாம்.

நீலகிரியில் மேடை போடும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள பழங்குடிகளான கோத்தர்களின் ‘கொள்’ என்ற ஊதுகுழலையும் பறைகளையும் கேட்டுவிட்டு அந்த மெட்டைப் பாட்டில் சேர்க்க ஆசை வரும். அவர்களிடம் தெய்வத்துக்கு வாசிப்பது வேறு, சாவுக்கு வாசிப்பது வேறு. நேரம் மாறி வாசிப்பதில்லை. சாவு மெட்டு இருட்டாக இருக்கிறது என்று எடுத்து மேடையில் அலங்காரமாக வாசிப்பது அசிங்கம். ஊரில் கேட்டு, அவர்களையே அழைத்து, அவர்கள் வாசிக்கலாம் என்று சொல்வதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒப்பாரி மெட்டுகளிலும் இதே கவனம் நல்லது.

மேடை ஒலி

மெல்லிய வாத்தியங்களை ஸ்பீக்கரில் பெரிதாக்கும்போது வரும் முதல் தொல்லை ஊளை: ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்கே திரும்பி வந்து கத்துவது. சுருதி எந்நேரமும் ஓடுவதால் ஊளை எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் சுருதியோடு கலந்து வளரும். ஆகவே சவுண்ட் செக்கில் சுருதியை நிறுத்திவிட்டுத்தான் ஊளையைத் தேட வேண்டும். மைக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி, கத்தும் அலைவெண்ணை ஈக்வலைசரில் மெல்லிய வெட்டாக 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள். நான்கு வெட்டுக்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு ஈக்வலைசரில் இல்லை, மானிட்டர் (வாசிப்பவர்களுக்கான மேடை ஸ்பீக்கர்) நிற்கும் இடத்தில்தான். முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு மானிட்டர் நேர் பின்னால் இருக்கலாம். அதைவிடக் குறுகலாக வாங்கும் சூப்பர்கார்டியாய்டு என்றால் பின்பக்கம் சற்றுச் சாய்வாக, சுமார் 125 டிகிரியில் வையுங்கள்.

கிட்டாரின் வயிற்றுக் காற்று 100 ஹெர்ட்ஸ் சுற்றி அதிரும். அங்கே ஒரு குறுகிய வெட்டு, துளைக்கு ரப்பர் மூடி, பிக்கப்பின் ஃபேஸ் பட்டன்: மூன்றையும் இந்த வரிசையில் முயலுங்கள். குரல்களுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சுருதி, குரலைவிட 10–12 டெசிபல் கீழே இருந்தால் போதும். சபை அதைக் கேட்க வேண்டாம், நின்றால் மட்டும் தெரிய வேண்டும். எக்கோவுக்கு 350 மில்லிசெகண்ட் சுற்றி, இரண்டு மூன்று திருப்பம், குரலின் கடைசிச் சொல்லுக்கு மட்டும். பாட்டு முழுக்க எக்கோ ஓடினால் சொல் புரியாது. சொல் புரியாத இருட்டுப் பாட்டில் பயமும் இல்லை.

மலைக்கான வேலைகள்

தகரக் கூரை அரங்கை எடுக்காதீர்கள். மழை அடித்தால் குரலே எடுபடாது. கொடையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஊட்டியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடி வடகிழக்கு. வாத்தியங்களுக்கு நல்ல காலம் பிப்ரவரி, மார்ச். மே மாதம் கூட்டம் உண்டு, ஆனால் மலைப்பாதையில் வண்டி நகராது.

2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இ-பாஸ் வேண்டும். சவுண்ட் செட் வரும் வேனுக்கும் சேர்த்து எடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் செக்போஸ்ட்டிலேயே வாங்கிவிடுவார்கள். பாடகர்கள் ஒரு நாள் முன்பே ஏறிவிடட்டும்: இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை விடச் சற்றுதான் அதிகம், நீண்ட இழுப்புகளில் மூச்சு முட்டும். பாடல் தாளில் மூச்சு எடுக்கும் இடங்களைப் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மேடைக்கு 50 நிமிடம் போதும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி முன்பே வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் இடம் பார்க்கவே வேண்டாம். நிகழ்ச்சியை 6 மணிக்குத் தொடங்கினால் 10 மணிக்கு முன் சாமான் ஏற்றுவதும் முடிந்துவிடும். இருட்டிய பின் காட்டுமாடு தெருவுக்கு வருவது கொடையிலும் குன்னூரிலும் வழக்கம் என்பதால் இது இன்னொரு விதத்திலும் நல்லது. ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு அதன் எதிரே போய் நிற்கக் கூடாது. வழி விட்டு, விளக்கைக் கண்ணில் அடிக்காமல் காத்திருங்கள்.

கரண்ட் விஷயத்தில் மிக்சருக்கும் சுருதிப் பெட்டிக்கும் 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் போடுங்கள். மின்தடையில் ஸ்பீக்கர் நின்றாலும் மிக்சர் செட்டிங் போகாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் எதையும் சொருகாதீர்கள். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, உயிர் போகும். வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருப்பதே உறுமலை நிறுத்தத்தான். ஜெனரேட்டர் குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சுவருக்குப் பின்னால்.

முடிந்ததும் கம்பிகளைத் துடைத்து, தோல் வாத்தியங்களை அறைச்சூட்டில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு உறையில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். இரவு முழுக்க வேனில் குளிர்ந்து கிடந்த மிக்சரையும் மைக்குகளையும் மறுநாள் வத்தலக்குண்டிலோ மேட்டுப்பாளையத்திலோ இறக்கியவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். அடிவாரத்தின் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகப் படியும். மூடிய பெட்டியிலேயே இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு திறந்து, அதன் பின்தான் ஸ்விட்ச்.